டெங்கு ஜுரமும் நீர்ப் பாத்திரமும்: சென்னை நகரம் கற்பிக்கும் பாடம்

கொசுவால் உண்டாகும் ஜுரங்கள் யாவும் சதுப்பு நிலத்திலும் நாற்றமெடுக்கும் சாக்கடையிலும் பிறப்பவை என்னும் எண்ணம் ஜனங்களிடையே வெகு காலமாக வேரூன்றியிருக்கிறது. வீட்டைப் பெருக்கி மெழுகிச் சுத்தமாக வைத்திருக்கும் குடும்பத்தில் டெங்கு ஜுரம் கண்டால், “சாக்கடை அண்டாத எங்கள் வீட்டில் இது எப்படி வந்தது?” என்று வீட்டார் வியப்பதற்கு இவ்வெண்ணமே காரணம். உண்மை இதற்கு நேர் மாறானது. டெங்குவைப் பரப்பும் கொசு சாக்கடையை நாடுவதில்லை. சமையலறைத் தவலை, குளியலறைத் தொட்டி, மொட்டை மாடியிலுள்ள நீர்த் தொட்டி, கொல்லையில் எறியப்பட்ட கொட்டாங்கச்சி ஆகியவற்றில் தெளிந்து நிற்கும் ஜலமே அதற்குப் பிறப்பிடம். ஆகவே ஒரு நகரத்தில் டெங்கு மிகுவதும் குறைவதும் அங்கே ஜலம் வீட்டுக்கு எவ்விதம் வந்து சேருகிறது, எத்தனை நாள் தேங்கி நிற்கிறது, குப்பை எவ்விதம் அகற்றப்படுகிறது என்பவற்றைப் பெரிதும் பொறுத்திருக்கின்றன. சென்னை நகரத்தின் அநுபவத்தைக் கொண்டு இவ்விஷயத்தை ஆராய்வது கிராமவாசிகளுக்கும் பயன் தரும். ஏனெனில் இந்நோய் இப்பொழுது நகர எல்லையோடு நின்றுவிடவில்லை.

1. நோயும் அதைச் சுமக்கும் கொசுவும்

டெங்கு ஜுரம் வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமியால் உண்டாவது. கொசுவே இதைப் பரப்புகிறது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் பான்கிராப்ட் என்னும் வைத்தியர் 1906-ம் வருஷத்தில் சான்று காட்டினார். 1943-ம் வருஷத்தில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களான கிமூரா, ஹொட்டா இருவரும் அக்கிருமியைப் பிரித்தெடுத்தனர். இக்கிருமியில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகையால் நோயுற்றுத் தேறியவனுக்கு அந்த வகை மீண்டும் வருவதில்லை. ஆனால் மற்ற மூன்று வகைகளுக்கு எதிராக அவனுக்கு நிலைத்த காப்பு ஏற்படுவதில்லை. பிறகு வேறொரு வகை தாக்கும்போது நோய் முன்னைவிடக் கடுமையாகக் கூடும். பல வகைக் கிருமிகள் ஒருங்கே உலவும் பெருநகரங்களில் டெங்கு அபாயகரமாவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

இந்நோயை முக்கியமாகப் பரப்புவது ஈடிஸ் எஜிப்டை என்னும் கொசு. உடல் கறுத்து, கால்களில் வெள்ளை வளையங்கள் கொண்டிருக்கும். இது பகலில் கடிக்கும். காலை வேளையிலும் அந்தி சாய்வதற்கு முன்னும் அதிகமாகக் கடிக்கும். வீட்டுக்குள் கட்டிலின் அடியிலும், தொங்கும் துணிகளின் மறைவிலும், இருண்ட மூலைகளிலும் தங்கும். பெண் கொசு தன் முட்டைகளைப் பாத்திரத்தின் உட்சுவரில், ஜல மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டி வைக்கிறது. ஜலம் வற்றிப் பாத்திரம் உலர்ந்தாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் கெடாமல் இருக்கும். மறுபடியும் ஜலம் ஏறும்போது பொரித்துவிடும். அவற்றிலிருந்து வெளிப்படும் புழுவே ஜனங்கள் கூத்தாடி என்று வழங்குவது. உஷ்ணமான நாட்களில் முட்டை கொசுவாகிப் பறப்பதற்கு ஏறக்குறைய எட்டு அல்லது பத்து நாட்களே செல்லும்.

வாரத்திற்கு ஒரு முறை பாத்திரத்தைக் காலி செய்து தேய்க்க வேண்டும் என்று சுகாதார உத்தியோகஸ்தர்கள் கூறுவது இந்தக் கணக்கை ஒட்டியே. ஜலத்தைக் கொட்டிவிட்டு உடனே நிரப்பினால் போதாது. நாரினால் உட்சுவரை அழுத்தித் தேய்த்தாலன்றி முட்டைகள் அகலா.

2. நோயின் பழைய வரலாறு

டெங்கு தமிழ்நாட்டுக்குப் புதிய வியாதி அன்று. 1780-ம் வருஷத்தில் சென்னையில் டெங்குவை ஒத்த ஒரு ஜுரம் பரவியதாக வைத்திய நூல்கள் குறிக்கின்றன. 1963, 1964-ம் வருஷங்களில் கல்கத்தாவில் இரத்தக் கசிவோடு கூடிய கடுமையான டெங்கு தோன்றிற்று. அதே பத்தாண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அந்நகரத்தில் இக்கிருமியின் வகைகளைக் கண்டறிந்தனர். 1996-ம் வருஷத்தில் டில்லியில் 10,000-க்கு மேற்பட்டோர் நோயுற்று, 400-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

சென்னையின் நிலைமையை நன்கு விளக்குவது 2015-ம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சி. நகரத்தின் பல பாகங்களிலும் வசிக்கும் ஆயிரம் பேருக்குச் சற்று மேற்பட்டவர்களின் இரத்தம் அதற்காகச் சோதிக்கப்பட்டது. நூற்றுக்கு 93 பேரின் இரத்தத்தில் முன்பு ஏதோ ஒரு காலத்தில் டெங்கு கண்டிருந்ததற்கு அடையாளம் இருந்தது. ஆயினும் தமக்கு டெங்கு வந்ததென்று அறிந்திருந்தவர் மிகச் சிலரே. மற்றவர்களுக்கு அது சாதாரண ஜுரமாக வந்து போயிருக்கும், அல்லது யாதொரு குறியும் இல்லாமலே கழிந்திருக்கும். உலகம் முழுவதற்கும் 2013-ம் வருஷத்தில் போடப்பட்ட ஒரு கணக்கும் இதற்கு ஒத்திருக்கிறது. வருஷந்தோறும் சுமார் 39 கோடிப் பேரை இக்கிருமி பற்றுகிறதென்றும், அவர்களில் சுமார் 9 கோடியே 60 லட்சம் பேருக்கே நோய் வெளிப்படையாகத் தோன்றுகிறதென்றும் அக்கணக்குக் கூறுகிறது. நோயாளி என்று படுத்தவர் ஒருவர் இருந்தால், கிருமியைச் சுமந்து நடமாடுபவர் மூவர் இருக்கின்றனர் என்பது இதன் கருத்து.

3. ஜலம் வரும் விதம்

டெங்குவுக்கு அநுகூலமான காரணங்களுள் தலைமையானது, குழாயில் ஜலம் இடைவிடாமல் வராமையே. குழாயைத் திறந்தால் எந்நேரமும் ஜலம் கிடைக்கும் வீட்டில் தவலையும் பீப்பாயும் நிரப்பி வைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் சில மணி நேரமே ஜலம் வரும் தெருவில், கிடைத்த பாத்திரங்களையெல்லாம் நிரப்பி வைப்பதே குடும்பத் தலைவியின் விவேகம். அவளைச் சோம்பேறி என்றோ அசுத்தமானவள் என்றோ குறை கூறுவதில் நியாயமில்லை. நாளை ஜலம் வருமோ வராதோ என்னும் பயமே அவளைச் சேமிக்கச் செய்கிறது; அந்தச் சேமிப்பே கொசுவுக்கு வாசஸ்தலமாகிறது.

சென்னைக்கு வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகளை நம்பியே நகரம் நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறது. அவ்வேரிகளோ ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையை நம்பியிருக்கின்றன. மழை பொய்த்த வருஷங்களில் நகரம் பட்ட பாடு பெரிது. 2019-ம் வருஷத்துக் கோடையில் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து, ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர் ஜலம் ஏற்றிய ரயில் வண்டிகள் வில்லிவாக்கத்துக்கு வந்தன. தெருமுனையில் லாரி வந்து நிற்கும்போது பிளாஸ்டிக் குடங்களின் வரிசை நெடுந்தூரம் நீண்டது. இவ்வாறு காத்திருந்து பெற்ற ஜலத்தை வாரத்துக்கு ஒரு முறை கீழே கொட்டு என்று சொன்னால், எந்த ஏழைப் பெண் அதற்கு இணங்குவாள்? ஆகையால் மழையில்லாத காலமும் டெங்குவுக்கு வழி செய்யக் கூடும் என்பதை உணர வேண்டும்.

செல்வந்தர் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. ஏழை வீட்டில் குடமும் பீப்பாயும் எவ்வாறோ, அவ்வாறே மாளிகையில் தரைத் தொட்டியும், மாடித் தொட்டியும், அழகுக்காக வைத்த பூந்தொட்டிகளின் அடித்தட்டும், குளிர்ப் பெட்டியின் பின்புறத்து ஜலத் தட்டும். மூடியில்லாத மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் நகர மலேரியாவைப் பரப்பும் வேறொரு கொசுவும் உற்பத்தியாகிறது. ஒரு மூடியின் குறையால் இரண்டு நோய்கள் வளருகின்றன.

4. மழை, குப்பை, கட்டடம்

வடகிழக்குப் பருவ மழை தொடங்கியதும் நோயின் இரண்டாவது வாயில் திறக்கிறது. கோடையில் ஜலம் வீட்டுக்குள்ளே நிற்கிறது. மழைக் காலத்தில் வீட்டுக்கு வெளியேயும் நிற்கிறது. எறிந்த ரப்பர் டயர், இளநீர்க் கூடு, காகிதக் கிண்ணம், பிளாஸ்டிக் டப்பா, உபயோகமற்ற ஆட்டுக்கல், உரல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சிறு குளம். முற்காலத்தில் வீட்டுக் குப்பை பெரும்பாலும் இலையும் சாம்பலும் சாணமுமாக இருந்தது. அது மண்ணோடு மண்ணாயிற்று. இக்காலத்துக் குப்பையோ மக்குவதில்லை. மழை ஜலத்தை ஏந்தி நிற்கிறது. குப்பை வண்டி ஒழுங்காக வராத தெருவிலும், சொந்தக்காரர் கவனிக்காத காலி மனையிலும் இவை மலைபோல் குவிகின்றன. அண்டை வீட்டார் எவ்வளவு கவனமாக இருப்பினும் அந்த ஒரு மனையே தெரு முழுவதற்கும் கொசுவை அளிக்கப் போதுமானது.

கட்டி முடியாத கட்டடங்கள் மற்றோர் அபாய ஸ்தானம். கான்கிரீட் தளத்தின் மேல் பல நாள் ஜலம் கட்டி வைக்கிறார்கள். சிமெண்டு கலக்கும் தொட்டிகளும் பீப்பாய்களும் திறந்தே கிடக்கின்றன. அங்கேயே தங்கி வேலை செய்யும் கூலியாட்கள் கொசு வலை இன்றி உறங்குகின்றனர். அவர்களே முதலில் நோயுறுகின்றனர்.

உஷ்ணமும் இதில் சேர்ந்து கொள்கிறது. நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைக் கொடுப்பதில்லை. கிருமி அதன் உடலில் பெருகிப் பிறரைத் தாக்கும் நிலையை அடைய சாதாரணமாக எட்டு முதல் பன்னிரண்டு நாட்கள் ஆகும். உஷ்ணம் மிகுந்தால், ஓர் எல்லை வரையில், இந்தக் காலம் குறுகுகிறது. அதன் பின் அக்கொசு இறக்குமளவும் நோயைக் கொடுக்க வல்லது.

5. ஜன நெருக்கமும் நடமாட்டமும்

கொசு தன் பிறப்பிடத்தை விட்டுத் தூரம் செல்வதில்லை. பெரும்பாலும் சில நூறு அடிகளுக்குள்ளேயே வாழ்ந்து மடிகிறது. நோயை ஒரு பேட்டையிலிருந்து மற்றொரு பேட்டைக்குக் கொண்டு செல்பவன் மனிதனே. தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டின் இக்கிட்டோஸ் நகரத்தில் நடத்தி 2013-ம் வருஷத்தில் வெளியான ஆராய்ச்சி இதைத் தெளிவுபடுத்திற்று. உற்றார் உறவினர் வீடுகளுக்கு ஜனங்கள் பகலில் போய் வருவதே அங்கே நோய் வீடுவீடாகப் பரவுவதற்கு முக்கிய வழி என்று காணப்பட்டது. இரவில் கொசு வலைக்குள் உறங்குவது மட்டும் டெங்குவைத் தடுக்காததன் காரணமும் இதுவே. பள்ளிக்கூடம், தொழிற்சாலை, கடைவீதி, ஆஸ்பத்திரி, காரியாலயம் ஆகிய பகலில் ஜனங்கள் கூடும் இடங்களையும் வீட்டைப் போலவே சோதிக்க வேண்டும்.

6. சிங்கப்பூர் கண்ட வெற்றியும் அதற்குப் பின் வந்த சோதனையும்

தமிழர் பலர் குடியேறி வாழும் சிங்கப்பூர், டெங்குவை எதிர்த்துப் போராடிய நகரங்களுள் முதன்மையானது. 1960-களில் அங்கே இந்நோயால் குழந்தைகள் பலர் மாண்டனர். 1966-ம் வருஷத்தில் வீடு வீடாகச் சோதித்தபோது, குடிசை வீடுகளில் நூற்றுக்கு 27-லும், கடையோடு சேர்ந்த வீடுகளில் நூற்றுக்கு 16-லும், அடுக்கு மாடி வீடுகளில் நூற்றுக்கு 5-லும் ஈடிஸ் எஜிப்டை கொசுவின் புழுக்கள் காணப்பட்டன. வீட்டின் அமைப்புக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு இதனால் விளங்கும். அப்புழுக்கள் அதிகமாகக் கிடைத்த இடங்களுள் ஒன்று, எறும்பு ஏறாதிருக்க அலமாரிக் கால்களின் கீழ் ஜலம் ஊற்றி வைக்கும் கிண்ணங்கள். தமிழ்நாட்டு வீடுகளும் நன்கு அறிந்த பழக்கம் இது.

1968-ம் வருஷத்தில் அங்கே இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. வீடுகளைச் சோதித்தல், புழுவைக் கண்டால் வீட்டுக்காரரைத் தண்டித்தல், பள்ளிக்கூடங்களிலும் தெருக்களிலும் போதனை செய்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து நடந்தன. இவற்றோடு, குடிசைகளில் இருந்தோர் இடைவிடாத குழாய் ஜலமும் குப்பை அகற்றும் வசதியும் உள்ள அடுக்கு மாடி வீடுகளில் குடியேற்றப்பட்டனர். 1973-ம் வருஷத்துக்குள் புழுவுள்ள வீடுகள் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டாகக் குறைந்தன. நோயும் சுமார் பதினைந்து வருஷம் அடங்கியிருந்தது.

ஆனால் 1990-களில் நோய் திரும்பிற்று. 2005-ம் வருஷத்தில் 14,000-க்கு மேற்பட்டோரும், 2020-ம் வருஷத்தில் 35,000-க்கு மேற்பட்டோரும் நோயுற்றனர். கொசு குறைந்திருந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு நோய் எதிர்ப்பு ஏற்படவில்லை. ஆகையால் எஞ்சிய சில கொசுக்களும் நோயைப் பரப்பப் போதுமாயின. வீட்டுக்கு வெளியே வேலை செய்யும் இடங்களிலும் கட்டட ஸ்தலங்களிலும் நோய் தொற்றத் தொடங்கிற்று. குழந்தைகளைவிடப் பெரியவர்கள் அதிகமாக நோயுற்றனர். 2016-ம் வருஷம் முதல் அந்நகரத்தார் உவோல்பேக்கியா என்னும் பாக்டீரியாவைத் தாங்கிய ஆண் கொசுக்களை வெளிவிட்டு, பெண் கொசுக்களின் முட்டை பொரியாமற் செய்யும் முறையைக் கையாண்டு வருகின்றனர். ஆண் கொசு கடிப்பதில்லை. அதே பாக்டீரியாவை வேறு விதமாக உபயோகித்து ஜாவாவிலுள்ள யோக்யகர்த்தா நகரத்தில் நடந்த சோதனையில், டெங்கு நூற்றுக்கு 77 வீதம் குறைந்ததாக 2021-ம் வருஷத்தில் தெரியவந்தது.

சிங்கப்பூரின் வரலாற்றில் இரண்டு படிப்பினைகள் உள்ளன. சட்டம் மட்டும் அன்றி, நல்ல வீடும் ஓயாத குழாய் ஜலமும் சேர்ந்தே நோயை அடக்கின. அடங்கிய பின்னரும் கவனம் தளரலாகாது.

7. கிராமங்களுக்கு இதில் என்ன?

டெங்கு நகரத்து நோய் என்று கிராமவாசிகள் இருந்துவிடக் கூடாது. 2012-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் 12,826 பேர் நோயுற்று 66 பேர் மாண்டதாகச் சர்க்கார் கணக்குக் கூறுகிறது. அவ்வருஷம் திருநெல்வேலி ஜில்லா மிகவும் துன்புற்றது. வியட்நாம் நாட்டின் ஒரு மாகாணத்தில் சுமார் 75,000 குடும்பங்களை ஆராய்ந்து 2011-ம் வருஷத்தில் வெளியிடப்பட்ட முடிவு இதனினும் கவனிக்கத்தக்கது. சதுர கிலோமீட்டருக்கு 3,000 முதல் 7,000 பேர் வரை வசித்து, குழாய் ஜல வசதி குறைந்திருக்கும் இடங்களிலேயே நோய் பெரிதும் கிளம்பியது. இது பெருநகரத்தின் நடுவிடம் அன்று. பெரிய கிராமமும், நகரத்தை அடுத்து வளரும் ஊரும் இவ்வகையைச் சேர்ந்தவை. பஸ்ஸும் ரயிலும் நகரத்துக் கிருமியைக் கொண்டு வந்து சேர்க்கும். வாரம் இருமுறை வரும் பஞ்சாயத்துக் குழாய் பாத்திரங்களைத் தேக்கி வைக்கச் செய்யும். இவ்விரண்டும் கூடினால் நோய்க்கு வேறொன்றும் வேண்டுவதில்லை.

8. செய்யத்தக்கவை

வீட்டார் செய்ய வேண்டியவை:

(அ) ஜலம் வைத்துள்ள பாத்திரங்களை இடைவெளியின்றி மூடுதல். மூடி இல்லாத குடத்துக்கும் பீப்பாய்க்கும் நெருக்கமான துணியால் வேடு கட்டுதல் போதும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. அரிய ஜலத்தையும் கொட்ட வேண்டியதில்லை.

(ஆ) வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு, அன்று ஜலம் தீர்ந்த பாத்திரங்களை நாரினால் தேய்த்துக் கழுவி வெயிலில் உலர்த்துதல்.

(இ) மாடித் தொட்டிக்கு மூடியும் அதன் வழிகுழாய்க்குக் கம்பி வலையும் இடுதல்.

(ஈ) கொல்லையிலுள்ள உரல், ஆட்டுக்கல் முதலியவற்றைக் கவிழ்த்தல். கவிழ்க்க இயலாதவற்றில் மணலை நிரப்புதல்.

பஞ்சாயத்தும் முனிசிபாலிடியும் செய்ய வேண்டியவை:

(அ) குழாய் ஜலம் வரும் நாளையும் மணியையும் முன்கூட்டி அறிவித்து, அதைத் தவறாது நடத்துதல். ஜலம் நிச்சயமாக வரும் என்னும் நம்பிக்கை பிறந்தால் தேக்கி வைப்பது தானே குறையும்.

(ஆ) மக்காத குப்பையையும் டயர்களையும் மழைக்கு முன்னர், அதாவது புரட்டாசிக்குள், ஊரைவிட்டு அகற்றுதல்.

(இ) மூடமுடியாத பெரிய தொட்டிகளில் சுகாதார இலாகா அளிக்கும் புழுக்கொல்லி மருந்தை அளவறிந்து இடுதல்.

(ஈ) காலி மனைக்காரரையும் கட்டடக்காரரையும் தவறாமல் விசாரித்தல். கொசு உற்பத்தியாகும் தேக்கத்தை நீக்கச் செய்ய 1939-ம் வருஷத்துச் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம் இடமளிக்கிறது.

புகை அடிப்பதையே பெரிய பரிகாரமாக எண்ணலாகாது. அது பறக்கும் கொசுக்களில் சிலவற்றைக் கொல்லும். பாத்திரத்திலுள்ள புழுவையும் முட்டையையும் தீண்டாது. நோய் கண்ட தெருவில் அவசரத்துக்கு அது உதவலாம். பாத்திரங்களைச் சோதிக்கும் வேலைக்கு அது ஈடாகாது.

9. நோய் கண்டால்

திடீரென்று கடும் ஜுரம், தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, கை கால் மூட்டுகளில் முறிப்பது போன்ற வலி ஆகியவை டெங்குவின் குறிகள். கிருமியை நேரே கொல்லும் மருந்து இதற்கில்லை. ஓய்வும், கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் போன்ற பானங்களும், ஜுரம் தணிய வைத்தியர் கூறும் அளவில் பாராசிட்டமாலும் கொடுக்கலாம். ஆஸ்பிரின் கொடுத்தல் கூடாது. அது இரத்தக் கசிவை அதிகமாக்கும். வீட்டுக் கஷாயம் குடிப்பவரும் அதை நம்பி வைத்தியரிடம் செல்வதைத் தாமதிக்கலாகாது.

முக்கியமாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. ஜுரம் இறங்கும் நாளே அபாயமான நாள். ஜுரம் விட்டது என்று வீட்டார் மகிழும் அவ்வேளையில் கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலும் மூக்கிலும் இரத்தம், உடல் சில்லிடுதல், மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் ஒரு மணி நேரமும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். தக்க காலத்தில் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு ஒருவர் கூட இறப்பதில்லை. நோயாளியைப் பகலிலும் கொசு வலைக்குள் படுக்க வைத்தால் அவரிடமிருந்து நோய் பிறருக்குப் பரவாது.

வீட்டார் பாத்திரத்தை மூடுவதும், ஊராட்சி குழாயை ஒழுங்காகத் திறப்பதும் ஒன்றையொன்று சார்ந்த கடமைகள். ஜலம் கொடாமல் வீட்டாரைத் தண்டிப்பதனாலும் பயன் இல்லை. ஜலம் வந்த பின்னும் பாத்திரத்தைத் திறந்து வைப்பதனாலும் நன்மை இல்லை. இரு திறத்தாரும் தத்தம் கடமையைச் செய்யும் ஊரில் கூத்தாடிக்கு இடமில்லை. கூத்தாடி இல்லாத ஊரில் டெங்கு வேரூன்றாது.